அக்கா, மறுபடியும் சிக்கிடுச்சு

பக்கத்து வீட்டுப் பெரியவளுக்குத் தைக்க வராது. ஆனால் தையல் மிஷினைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்ததால் அவள் பெரியவள். சில வருடம் கழித்து அவள் கொழுந்தனுக்கு மனைவியாக வந்தவள் சின்னவள். வீட்டில் கூப்பிட்டது தெருவுக்கும் ஒட்டிக்கொண்டது. பால் கொண்டுவருகிறவர்கூட, "பெரியவங்க இல்லையா? அப்ப சின்னவங்களைக் கூப்பிடுங்க" என்பார். பெரியவள் நெட்டை, ஒல்லி. கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருக்கும். சின்னவள் குள்ளம், சதைப்பிடிப்பு. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பின்பக்கம் குழாயடி பொது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன் என்பதால் பெரியவள் எனக்கு வைத்த பெயர் மாத்திரை. "என்ன மாத்திரை, இன்னைக்கு லீவா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தையல் மிஷின் வாங்கியிருந்தார்கள். மேஜைமேல் வைத்து ஓட்டுகிற, காலால் அழுத்தினால் மோட்டாரில் ஓடுகிற வீட்டு மிஷின். முன்னறை ஜன்னலோரம் அதன் இடம். தலையணை உறை, ஜன்னல் திரை, பள்ளிக்கூடச் சீருடை என்று தெருவில் யார் எதைக் கொடுத்தாலும் தைத்துக் கொடுப்பார்கள். சின்னவள் வெட்டுவாள், தைப்பாள். அவள் தைத்த கோடு அளவுகோலால் இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் ஊசியில் நூல் கோர்க்கக்கூடப் பொறுமை கிடையாது. பாதிக் கோட்டில் நூல் சிக்கினால் துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். ஊசி உடையும். "அக்கா!" என்று கத்துவாள்.

பெரியவள் அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள். சின்னவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்காருவாள். துணியை இழுக்க மாட்டாள். அடியில் கையை விட்டுச் சின்னக் கத்தரியால் நூலை மட்டும் அறுத்து, துணிக்கு வலிக்காமல் எடுப்பாள். அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி, ஊசித் தட்டைத் திருகி எடுத்து, உள்ளே படிந்த பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டுவாள். எல்லாம் முடிந்து நூலைக் கோர்த்துக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வாள். ஒருநாளும் தைக்க மாட்டாள். தைத்தால் கோடு கோணல்மாணலாகப் போகும். "அக்கா தைச்ச உறையில தலை வைச்சா கழுத்து சுளுக்கிக்கும்" என்பாள் சின்னவள். பெரியவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் சண்டை அண்ணன் தம்பிக்குள் வந்தது. பெரியவளின் கணவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவர். தம்பியைத் தன் பொறுப்பில் அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேர்த்துவிட்டிருந்தார். தம்பி வேறு ஊரில் வேலை கிடைத்ததும் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிடங்கு வேலையை விட்டுவிட்டார். முதலாளி சொல்லித்தான் அண்ணனுக்கே தெரிந்தது. அன்று சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"உன்னை ஆளாக்கினதே நான்டா!"

"சொல்லிக்காட்டுறதுக்குத்தானே ஆக்கினீங்க!"

அவ்வளவுதான். அதற்குமேல் பேச ஒன்றும் மிச்சமில்லாத மாதிரி இரண்டு பேரும் ஆளுக்கொரு அறைக்குள் போனார்கள். அந்த மாதமே தம்பி குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

சாமான் கட்டும்போது மிஷின் யாருக்கு என்ற பேச்சு வந்தது. "நீ எடுத்துட்டுப் போ" என்றாள் பெரியவள். "எனக்கு எதுக்குடி? நான் தைச்சா உக்காந்து பிரிக்கக்கூட நீ இருக்க மாட்டே."

பிறகு சின்னவளை உட்கார வைத்துப் பராமரிப்பு முழுவதையும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம். நீ சொல்லிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்துடுவே. நான் கத்துக்க மாட்டேன், போ."

வண்டி கிளம்பியபோது பெரியவள் வாசலுக்கு வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

தம்பி குடும்பம் போன ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம். அண்ணன் தன் மனைவியிடம், "அந்த வீட்டோட இனிமே பேச்சுவார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டார். அவர் முரடர் கிடையாது. கோபம் வந்தால் கத்தவும் மாட்டார், டி.வி. சத்தத்தைக் கூட்டிவைப்பார், அதோடு சரி. பெரியவள், "மிஷின் கெட்டுப்போனா அவளுக்குப் பார்க்கத் தெரியாதுங்க. அதுக்கு மட்டும் பேசுறேன்" என்றாளாம். அவர் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் சின்னவளும் தன் வீட்டில் இதே மாதிரி ஒரு அனுமதி வாங்கியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வரிசை வீடுகளுக்குள் போனில் சிக்னல் சரியாக எடுக்காது. குழாயடிக்கு வந்தால்தான் பேச்சு கேட்கும். அதனால் முதல் போன் வந்தபோது நானும் அங்கே துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சிக்கிடுச்சு."

சின்னவள் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள். போனைக் காதில் வைக்காமலே கேட்கும்.

"எங்க சிக்கியிருக்கு? துணிக்கு மேலயா, அடியிலயா?"

"அடியில. கொத்தாக் குருவிக்கூடு மாதிரி."

"அடியில சிக்கினா தப்பு மேல் நூல்ல. துணியை அழுத்துற பாதத்தைத் தூக்கிட்டுக் கோர்த்தியா, இறக்கி வைச்சுக்கிட்டுக் கோர்த்தியா?"

அந்தப் பக்கம் டக்கென்று பாதத்தைத் தூக்கிப் பார்க்கிற சத்தம்.

"இறக்கி வைச்சுக்கிட்டு" என்றது ஒரு சின்னக் குரல்.

"அதான். பாதம் கீழ இருந்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நூல் உள்ள போய் உக்காராது. மேல மிதக்கும். மொதல்ல நூலை அறு. இழுக்காதே! கத்தரி வைச்சு அறு. அறுத்தியா? பாதத்தைத் தூக்கு. இப்ப மேலேயிருந்து மறுபடி கோரு. அந்த ஏறி இறங்குற கொக்கி இருக்கே, அது உச்சியில நிக்கட்டும். சக்கரத்தை உன் பக்கமாத்தான் சுத்தணும், அந்தப் பக்கம் சுத்திடாதே."

"டென்ஷனைக் கொஞ்சம் குறைக்கவாக்கா?"

"யாருக்கு, உனக்கா மிஷினுக்கா? அந்தத் திருகைத் தொட்டே, பஸ் ஏறி வந்து கையிலயே போடுவேன். கோர்த்தாச்சா? தைக்க ஆரம்பிக்கும்போது ரெண்டு நூல் முனையையும் பின்பக்கமாப் பிடிச்சுக்கோ. நாலு தையல் விழுந்தப்புறம் விட்டுடு."

போனுக்குள் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"சரியாயிடுச்சுக்கா."

"சரி."

"வேற என்னக்கா?"

"வேற என்ன, நீதான் சொல்லணும்."

அப்புறம்தான் நிஜமான பேச்சு ஆரம்பித்தது. புது வீடு மாடியில், குடிதண்ணீர் கீழே இருந்து தூக்க வேண்டும், தன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒருவரும் பேசமாட்டேன் என்கிறார்கள். குழாயில் என் வாளி நிரம்பி வழிந்தது. நிறுத்தினால் நான் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடுமோ என்று நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அதன்பிறகு மிஷின் அடிக்கடி சிக்கியது. ஒருநாள் பாபினை டப்பாவில் தலைகீழாகப் போட்டிருந்தாள். "நூலைப் பிடிச்சு டப்பாவைத் தொங்கவிடு. சும்மா தொங்கணும். லேசா உதறினா ஒரு விரற்கடை இறங்கி நிக்கணும். சரசரன்னு இறங்கினா அது தப்பு" என்று பெரியவள் சொன்னது எனக்கே மனப்பாடம். இன்னொரு நாள் பழைய நூல். பெட்டிக்குள் கிடந்து இற்றுப்போனது. ஒருநாள் ஊசி வளைந்திருந்தது. ஊசியைக் கண்ணாடிமேல் படுக்க வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும் என்று சொல்லிக்கொடுத்தாள். போன் பேசிவிட்டு உள்ளே போகும்போது அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். அவர் கேட்காவிட்டாலும், "மிஷின் சிக்கிடுச்சாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

ஒருநாள் நான் குழாயடியில் இருந்தபோது போன் வந்தது. "அக்கா, மறுபடியும் சிக்கிடுச்சு." பின்னால் பஸ் ஹாரன், யாரோ பழம் கூவுகிற சத்தம், குழந்தை அழுகை.

பெரியவள் ஒரு நொடி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பக் காதில் வைத்து, "சரி, பாதத்தைத் தூக்கு" என்றாள்.

"தூக்கிட்டேன்க்கா."

"ஊசியை மேல கொண்டு வா."

"வந்துடுச்சுக்கா." பஸ் ஒன்று உறுமிக்கொண்டு கடந்துபோனது.

"இப்ப நூலைக் கோரு. நிதானமா. அவசரமே இல்ல. பொண்ணு சாப்பிட்டாளா?"

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"சிக்கவே இல்ல, மாத்திரை. கடைத்தெருவுல நின்னுக்கிட்டு மிஷின் சிக்கிடுச்சுங்கிறா."

"தெரிஞ்சும் ஏன்க்கா பாதத்தைத் தூக்குன்னு சொன்னீங்க?"

"சொல்லாமப் பேச முடியுமா? மிஷினுக்காகன்னுதானே ரெண்டு பேரும் வீட்டுல சொல்லி வைச்சிருக்கோம். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டா மனசு உறுத்தாது."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் வந்தது. போன் வருவது நின்றுபோனது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கத்துக்கிட்டா போல. நல்லதுதானே" என்றாள். பிறகு குழாயடிக்கு வருவது அதிகமானது. கையெல்லாம் சோப்பு நுரை இருந்தாலும் போன் இடுப்பில் செருகியிருக்கும். மழைக்குத் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு, பாத்திரம் எதுவும் இல்லாமல் வந்து நிற்பாள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். போன் திரையை ஒருமுறை அழுத்தி, சிக்னல் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் கணவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "என்ன, மிஷின் ஒழுங்கா ஓடுது போல?" என்றாராம்.

"ஓடுது போல" என்றாளாம் இவள்.

அவர் குத்தலுக்குக் கேட்டாரா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டாள்.

"நீங்களே கூப்பிட வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது? சிக்குறதுக்கு என்கிட்ட மிஷினா இருக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு என் வீட்டு மிஷின் ஞாபகம் வந்தது. ஒரு வேகத்தில் வாங்கி, முதல் மாதமே சிக்கி, வெறுத்துப்போய்த் துணி மூட்டைக்கு அடியில் தள்ளின மிஷின். அதை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னறை மேஜையில் வைத்தேன்.

"இது சிக்கும்க்கா. கவலைப்படாதீங்க. சிக்குறதைத் தவிர இதுக்கு வேற வேலையே தெரியாது."

அவள் மிஷினைச் சுற்றிவந்து பார்த்தாள். மூடியைத் திறந்ததும், "அடிப்பாவி, உள்ள ஒரு தலையணைக்கு ஆகுற பஞ்சு இருக்கே" என்றாள். பிரஷை எடுத்தாள். பஞ்சைத் தட்டினாள். ஊசியை மாற்றினாள். எண்ணெய் விட வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, கசிந்த எண்ணெயைப் பழந்துணியில் தைத்து எடுத்தாள். பாபினில் நூலைச் சுருக்கமில்லாமல், மேடு பள்ளமில்லாமல் சுற்றினாள். கடைசியில் மிஷின் ஓடியது பாருங்கள், பூனை பால் குடிக்கிற சத்தம்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மேஜை நிறையக் கோணல் கோணலாகத் தைத்த கந்தைகள். பெரியவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சிக்க மாட்டேங்குது, மாத்திரை."

"பாதத்தை இறக்கி வைச்சுக்கிட்டுக் கோருங்க. சிக்கிடும். நீங்கதானே சொல்வீங்க."

"தெரியாமலா? கை வரமாட்டேங்குது. இறக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் உக்காருறேன். கை தானாத் தூக்கிடுது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் பாதியில் நிறுத்திவிட்டு, எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ தை."

நான் உட்கார்ந்தேன். நூலைப் பிடித்து எனக்குத் தெரிந்த மாதிரி இழுத்துக் கோர்த்தேன். முனைகளைப் பிடிக்கவில்லை. காலை ஒரே அழுத்தாக அழுத்தினேன். ஒரு சாண் நீளம் போயிருக்கும். கடகடவென்று ஒரு சத்தம். துணி நகராமல் நின்றுவிட்டது. அடியில் பார்த்தால் அடைஅடையாக நூல்.

"சிக்கிடுச்சு!" என்று பெரியவள் கை தட்டினாள். பரீட்சையில் பாஸான மாதிரி. துணியை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அந்த நெட்டை உருவம் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. "தண்ணி தூக்கப் போயிருப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. எடுக்கவில்லை. கடைசியில் குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரும்படி கையைக் காட்டினாள்.

"என் மிஷின் சிக்கிடுச்சுடி" என்று அவள் சொல்ல, அந்தப் பக்கம், "உன் மிஷினா? உன் கையிலயா? பொய் சொல்லாதேக்கா" என்றது சின்னவள் குரல். அந்தக் குரல் பழைய மாதிரி சுவரைத் தாண்டுகிற குரலாக இல்லை. நான் காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

தம்பிக்குப் போன இடத்தில் வேலை சரியாக அமையவில்லையாம். சின்னவள் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிறாள். சட்டை எப்படி இருக்கும் என்றே பார்ப்பது கிடையாது. காலர் வரும், தைத்தால் போகும். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மிஷின் சிக்கினால் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வருவார், பேசாமல் சரிசெய்துவிட்டுப் போவார்.

"ஏன்டி சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? வரும்போது மிஷினை வேற தூக்கிட்டு வந்துட்டேன். அதை மூடி வைச்சுட்டு வேலைக்குப் போறேன்னு எப்படிச் சொல்றது?"

"மூடியா வைச்சிருக்கே?"

"நிஜமாவே சிக்கிடுச்சுக்கா. பொண்ணுக்குக் கவுன் தைச்சுக்கிட்டு இருந்தேன். சக்கரமே சுத்தல. துணியை எடுக்கவும் வரல. அப்படியே கவுனோட மூடி வைச்சுட்டேன்."

பெரியவள் பாதத்தைத் தூக்கு என்று சொல்லவில்லை. "உனக்கு என்னைக்கு லீவு?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே போய்க் கணவரிடம் சொன்னதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள். அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மிஷின் இறுகிப்போச்சாம். சக்கரமே சுத்தலையாம். போன்ல சொல்லி ஆகாது. நேர்ல பார்க்கணும்."

அவர் தாளைத் திருப்பினார். அடுத்த பக்கம் முழுவதையும் படித்தார், அல்லது படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"பஸ் எப்ப?" என்றார்.

சின்னவளின் லீவு நாளில் விடிந்ததும் கிளம்பினாள். சின்னக் கத்தரி, பிரஷ், எண்ணெய்ப் புட்டி, புது ஊசி எல்லாம் ஒரு பையில். "பேசுறதுக்கு எவ்வளவோ இருக்கு, மாத்திரை. எதை மொதல்ல சொல்றதுன்னே தெரியல" என்றாள். கணவர் பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பஸ் கிளம்பும்வரை நின்றார். "வேணும்னா நீங்களும்…" என்று அவள் ஜன்னல் வழியாக ஆரம்பித்தபோது, "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தாராம்.

அங்கே நடந்ததை அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும்.

செங்குத்தான படி ஏறினால் ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. சின்னவள் கதவைத் திறந்ததும் இவளைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பொண்ணு பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டி என்று போயிருந்தாள். டீ குடித்தார்கள். பெரியவள் மிஷினின் மூடியை எடுத்தாள். ஊசி பாதி இறங்கிய நிலையில், மஞ்சள் கவுனைக் கவ்விக்கொண்டு நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து மிஷினைச் சாய்த்து வேலையை ஆரம்பித்தாள். சின்னவள் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, உனக்குச் சொல்ல ஒண்ணு வைச்சிருக்கேன். சிரிக்கக் கூடாது" என்றாளாம். "கம்பெனியில எங்க தையல் லைன்ல ஒருத்தி இருக்கா…"

பெரியவள் அடியில் கையை விட்டு நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். கவுன் கிழியாமல் வெளியே வந்தது. ஊசித் தட்டைக் கழற்றினால் கீழே பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் சுற்றுகிற கொக்கிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நூல் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அதுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "யாரு அவ? என்ன பண்ணினா?" என்று கேட்டுக்கொண்டே ஊசிமுனையால் நூலை இழுத்தவள், பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, தலை பெரியவளின் தோளுக்கு வந்தது. பெரியவள் மெதுவாக ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தன் மடிக்கு இறக்கிக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பலையாக்கா?" என்று நான் கேட்டேன்.

"எப்படி எழுப்புறது, மாத்திரை? அப்படித் தூங்குறவளை?"

மடியில் தலை இருந்ததால் கை எட்டுகிற மட்டும் வேலை செய்தாள். மிச்ச நூலையும் எடுத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். சக்கரம் சுற்றியது. ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டினால் சத்தத்தில் விழித்துவிடுவாள். ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கால் மரத்துப்போயிற்று. சொல்ல நினைத்திருந்ததையெல்லாம் மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம். "பாதி அவகிட்ட சொல்ல வேண்டியதே இல்லைன்னு தோணிச்சு. மீதியைச் சொல்லியிருக்கலாம்."

அப்போது தம்பி வந்தார். அன்று அரை நாள் ஏதோ வேலை கிடைத்துப் போயிருந்தார். கதவைத் திறந்தவர், மனைவி தூங்குவதையும் அண்ணி உட்கார்ந்திருப்பதையும் பார்த்து அப்படியே நின்றார். பெரியவள் உதட்டில் விரலை வைத்தாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கள்ளன் மாதிரி நடந்து உள்ளே வந்தார்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?" மூச்சுக்காற்றில்தான் கேட்டார்.

"இவ எழுந்திரிக்கட்டும்."

"மிஷினா?"

"மிஷின்தான்."

அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அண்ணியின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். தானும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரகசியக் குரலிலேயே பேசினார்கள். சத்தமாகப் பேச முடியாததால் குறை சொல்லவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை என்றாள் பெரியவள். அவர் கிடங்கைப் பற்றிக் கேட்டார். குளிர் அறைக்கு இப்போது யார் எலக்ட்ரீஷியன் என்று கேட்டார். மூன்றாம் அறையின் பழைய ஃபேன் அதிகமாகச் சூடாகும், புது ஆளிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. கடைசியில், தட்டைக் கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, "உடம்பெல்லாம் நல்லா இருக்காரா?" என்றார்.

"இருக்காரு. காது கொஞ்சம் மந்தம். ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுப்பியபோதுதான் சின்னவள் கண் விழித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், சரியாகிவிட்ட மிஷினைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். முகம் கோணியது.

"ஏன்க்கா எழுப்பல? ஏன் எழுப்பல? மாசத்துல கிடைக்கிற ஒரு நாள். உன்கிட்டப் பேசணும்னு எவ்வளவு வைச்சிருந்தேன் தெரியுமா?" என்று குழந்தை மாதிரி அழுதாளாம். பஸ் நிலையம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று அவசர அவசரமாக ஏதேதோ சொன்னாள். மோட்டார் சத்தத்தில் பெரியவளுக்குப் பாதி காதில் விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் நகர்ந்தபோது சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"அந்த லைன்ல இருக்கிறவ என்ன பண்ணினாள்னு கடைசிவரைக்கும் தெரியல" என்று என்னிடம் சொன்னபோது பெரியவள் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

இப்போது லீவு நாள்களில் போன் வருகிறது. எல்லா லீவிலும் கிடையாது. சில மாதம் லீவையே ரத்து செய்துவிடுகிறார்கள். வருகிற போனும் சின்னதாகத்தான் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரல். பெரியவள், "சரி, போய்த் தூங்கு" என்று தானே வைத்துவிடுகிறாள். வைத்த பிறகு குழாயடியில் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

அண்ணன் தம்பி இன்னும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று அவள் ஊரிலிருந்து திரும்பி வந்து பையை இறக்கியபோது ஒன்று நடந்தது. அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ஆனால் கையில் இருந்த ரிமோட்டால் சத்தத்தைக் குறைத்தார்.

"வீடு காத்தோட்டமா இருக்கா?"

"ஒரு ஜன்னல்தான். ஆனா காத்து வருது."

"மாடியா?"

"மாடிதான். படி செங்குத்து. குடிதண்ணியைக் கீழேயிருந்து தூக்கணும்."

அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவனுக்குச் சின்ன வயசிலேர்ந்தே முட்டி வலி, படி ஆகாது" என்றார்.

பெரியவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படியிலிருந்து ஆரம்பித்து, கதவு, அடுப்பு, தண்ணீர்க் குடம், பொண்ணின் புத்தகப் பை என்று அந்த அறையில் தான் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். அவர் போதும் என்று சொல்லவில்லை.